பிளக் இல்லாத மோட்டர்

மாணவியர் விடுதி, தானா ராத்தா
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் அழகாக்க மாட்டேன், எதையும் மறைக்கவும் மாட்டேன். இதற்குப் பிறகு எழுதும் கடிதங்களுக்கும் இதே சட்டம்தான். எனக்கு நானே போட்டுக்கொண்டது.

உங்கள் முகவரியைக் கம்போங் ராஜாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சலீம் அண்ணன் கொடுத்தார். நீங்கள் அவரிடம் வேலை கற்றவர் என்பதால் ஜொகூரில் எந்தப் பட்டறையில் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நம்பர் மட்டும் கேக்காத, சத்தியம் வாங்கியிருக்கான்" என்றார். நான் இப்போது நான்காம் படிவம். விடுதியில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. ஆகவே கடிதம் எனக்கும் வசதிதான்.

செய்தி இதுதான். பொங்கலுக்கு வந்த வீரப்பன் மாமா கோழிக்கூண்டுப் பக்கம் போய் அப்பாவின் மோட்டர் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "செத்தவன் மோட்டர வச்சிக்கிட்டு என்னாக்கா பண்ணப்போற? பழைய இரும்பு லோரி வர்றப்ப தூக்கிப் போட்டுடு லா" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். நான், "ஓடினால் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். மாமா சிரித்தார். "நீ ஓட்டப்போறியா, ஆயா? சரி, திவசத்துக்குள்ள ஓடட்டும். ஓடலன்னா லோரிதான்."

அப்பாவின் மூன்றாம் ஆண்டுத் திவசம் ஆகஸ்ட் 17, ஞாயிறு. போன இரண்டு ஆண்டும் மாமாதான் மகன் இடத்தில் உட்கார்ந்தார். இந்த ஆண்டு நீங்கள் உட்கார வேண்டும். மோட்டர் ஓடினால் நீங்கள் வருவீர்கள் என்பது என் கணக்கு. கணக்கு தவறாகவும் இருக்கலாம்.

மோட்டரின் நிலை: முன் டயர் காற்றில்லாமல் மண்ணில் புதைந்திருக்கிறது. செயின் முழுக்கத் துரு. சீட்டின் கிழிசலில் ஒரு சின்னப் பெரணி முளைத்திருக்கிறது. மீட்டரில் 61208. சாவி பத்திரமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

தங்கை
தனுஜா


மாசாய், ஜொகூர்
20.3.2025

தனு,

லெட்டர் கெடச்சிச்சு. பட்டற மொதலாளி, எங்க தவுக்கே, பிரிக்காம குடுத்துட்டாரு, நல்ல மனுசன்.

நான் வர்றதப் பத்தி எழுதாத. மோட்டரப் பத்தி கேட்டா சொல்றேன்.

மொதல்ல கிக்கர மிதிக்காத. மூணு வருசம் நின்ன இஞ்சின், பிஸ்டன் புடிச்சிருக்கும். பலவந்தம் பண்ணா உள்ள கீறிடும். பழைய பெட்ரோல எறக்கு. கார்பரேட்டர் அடியில ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், அதத் தளத்து. அடுப்புப் பக்கம் வச்சி செய்யாத. ஏர் பில்டரத் தொறந்து பாரு, எலி இருக்கும். செயின டீசல்ல ஊற வை.

கேமரன் மலையில இப்ப மழையா? கோழிக்கூண்டு மேல தகரம் ஒழுவுதா? சமையக்கட்டு மேல இருந்த தகரத்த யாரு மாத்துனா?

குகன்


மாணவியர் விடுதி, தானா ராத்தா
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹரி ராயா விடுமுறையில் வேலையைத் தொடங்கிவிட்டேன். பெட்ரோல் கட்டங்காப்பி நிறத்தில் வந்தது. அப்படி ஒரு நாற்றத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஏர் பில்டரில் எலி இல்லை, எலி குடும்பம் நடத்திய வீடு இருந்தது. நம் பழைய தமிழ் நாள்காட்டியைக் கிழித்துக் கட்டியிருக்கிறது. ஒரு துண்டில் 'சுப முகூர்த்தம்' என்று இருந்தது. இதைப் படித்தபோது அம்மாகூடச் சிரித்தார். அம்மா சிரித்ததை எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

சமையலறைத் தகரத்தை யாரும் மாற்றவில்லை. மழை வந்தால் வாளி வைக்கிறோம்.

இப்போது கேள்வி. ரப்பர் மூடியைக் கழற்றினேன். அதன் அடியில் ஸ்பார்க் பிளக் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஓட்டைதான் இருந்தது. ஓட்டைக்குள் யாரோ ஒரு துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். இழுத்துப் பார்த்தேன். கருநீலத் துணி. என் தொடக்கப் பள்ளிச் சீருடை, ஓர மடிப்புகூட அப்படியே இருக்கிறது. நம் பிளக் எங்கே போயிற்று?

தனுஜா


மாசாய்
24.4.2025

தனு,

துணியத் தூக்கிப் போடு. அம்மாகிட்ட காட்டாத.

சலீம் அண்ணன்கிட்ட EX5 பிளக்குனு கேளு, குடுப்பாரு. இப்ப மாட்டாத. அந்த ஓட்டையில ரெண்டு தேக்கரண்டி இஞ்சின் ஆயில் ஊத்தி ஒரு வாரம் விடு. அப்பறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியர்ல வச்சி, பின் சக்கரத்தக் கையால மெதுவா சுத்து. சுத்தலன்னா மறுபடி ஊத்து. அவசரப்படாத.

பழைய பிளக் எங்கன்னு கேக்காத. புதுசு மாட்டுனா போதும்.

குகன்


மாணவியர் விடுதி, தானா ராத்தா
11 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சக்கரம் சுற்றியது. முதல் தடவை ஆயில் ஊற்றியபோது அசையவே இல்லை. அடுத்த தடவை வீட்டுக்குப் போனபோது மறுபடி ஊற்றினேன். நேற்றுப் பிற்பகல் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் கேட்டது, பிறகு சுற்றியது. நான் கத்தியதில் கோழிகள் ஓடிவிட்டன.

ஆனால் நீங்கள் எழுதியதை ஏழு தடவை படித்தேன். 'அம்மாகிட்ட காட்டாத' என்று ஏன் எழுதினீர்கள்? நான் துணி என்றுதான் எழுதினேன். உங்களுக்கு ஆச்சரியமே இல்லை. அப்படியானால் உங்களுக்கு முன்பே தெரியும்.

உண்மையை எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். எழுதக் கை வரவில்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் எல்லார் முன்னிலையிலும் மாமா உங்களைப் பார்த்து, "ரேஸ் ஓடுறதுக்கு மோட்டரப் பிரிச்சிப் பிரிச்சி வித்த. அன்னிக்கு அது ஓடியிருந்தா உங்கப்பன் இருந்திருப்பான்" என்று சொன்னார். நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். மாமா சொன்னதை நான் நம்பினேன். கிட்டத்தட்ட மூன்று ஆண்டு நம்பினேன். உங்கள் மீது கோபத்தில் உங்கள் படத்தைக்கூட என் மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

விற்கிற ஆள் ஓட்டைக்குத் துணி அடைத்து வைப்பாரா? தூசி போகக்கூடாது என்று நினைத்த யாரோ அடைத்திருக்கிறார்கள். திருப்பி மாட்ட வேண்டும் என்று நினைத்த யாரோ.

அது யார், அண்ணா?

தனுஜா


மாசாய்
25.5.2025

தனு,

இத எழுதக்கூடாதுன்னு இருந்தேன். நீ விட மாட்ட.

அன்னிக்குக் காலையில அப்பா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வாசல்ல உக்காந்துட்டாரு. எஸ்டேட்டுல நம்ம மேட்டு லயத்துல மூணே வீடு, போன்ல லைன் வராது. மத்த ரெண்டு வீடும் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போயாச்சு. தேயில பேக்டரிக்குப் போயி ஜீப்பக் கூட்டியாரணும். மோட்டர்ல பத்து நிமிசம். மிதிச்சேன், மிதிச்சேன், ஓடல. மூடியத் தொறந்தா பிளக் இல்ல. நீலத் துணி.

அதப் பாத்த ஒடனே யாருன்னு தெரிஞ்சிச்சு. அதுக்கு முந்துன வாரம்தான் கோலா தெர்லா ரோட்டு வளைவுல விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டு வந்தேன். நீ ஒரு தாள்ல எழுதி மீட்டர்ல ஒட்டி வச்ச. ஞாபகம் இருக்கா? 'இன்னொரு தடவை ரேஸ் ஓடினால் பிளக்கைக் கழற்றி ஒளித்து வைப்பேன். இப்படிக்கு, தனுஜா.' கையெழுத்து வேற. இப்ப பிளக் எங்கன்னு நீ கேக்குறப்ப, மறந்துட்டியா மறைக்கிறியான்னு தெரியல.

திட்டி, தேடி, கேட்டுக்கிட்டு நிக்க நேரம் இல்ல. நொண்டிக்கிட்டே ஓடுனேன். முக்கா மணி நேரம் ஆச்சு. ஜீப்போட வந்தா அப்பா இல்ல.

மாமா கத்துனப்ப ஒன்னப் பாத்தேன். அம்மா பக்கத்துல, சடையப் புடிச்சிக்கிட்டு நின்ன. பதிமூணு வயசு. நான் ஒரு வார்த்த சொன்னா நீ சாவுற வரைக்கும் அதத் தூக்கிக்கிட்டு நடக்கணும். நான் ஆம்பள, வேலைக்குப் போனா மறந்துடலாம்னு நெனச்சேன். அதான் பேசல.

ஒம்மேல கோவம் இல்ல தனு. எனக்காகத்தான் செஞ்ச. படிக்கிற வேலையப் பாரு. இதப் பத்தி இனிமே பேச வேணாம்.

கார்பரேட்டர் ஜெட்ட மெல்லிசான பிரஷ் கம்பியால குத்து, ஊசியால குத்தாத, ஓட்ட பெருசாயிடும்.

குகன்


மாணவியர் விடுதி, தானா ராத்தா
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் செய்யவில்லை.

தாள் ஒட்டியது உண்மை. ஆனால் பிளக்கைக் கழற்றும் ஸ்பேனரை அப்பா எங்கே வைத்திருந்தார் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை விடுதிக் குளியலறையில் வைத்துப் படித்தேன். நீங்கள் எனக்காக மூன்று ஆண்டு சும்மா இருந்திருக்கிறீர்கள். நானோ உங்கள் படத்தை எடுத்து அலமாரியில் போட்டிருந்தேன்.

என் பழைய சீருடையை வெட்டிச் சமையலறைக் கரித்துணி ஆக்கியவர் அம்மா. இது நினைவுக்கு வந்ததும் அந்தத் துணியைப் பையில் எடுத்து வைத்தேன்.

பள்ளி விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து வெட்டும் கத்திரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். துணியை எதிரில் வைத்தேன்.

"இது என்னான்னு தெரியுதாம்மா?"

அம்மா கத்திரியைக் கீழே வைத்தார். "எங்கேருந்து எடுத்த?"

"மோட்டர்லேருந்து."

"அவன் சொன்னானா?"

"இல்லம்மா. நீங்க சொல்லுங்க."

அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவன் விழுந்துட்டு வந்தப்ப பூசாரிகிட்டப் போயிக் கேட்டேன். மோட்டரக் கோயிலுக்குக் கொண்டாங்க, முனியாண்டி முன்ன நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கிடலாம்னாரு. இவங்கிட்டச் சொன்னா சிரிக்கிறான். 'மோட்டருக்கு என்னாம்மா பேய் புடிச்சிருக்கு?'ங்கறான். முழு மோட்டர நான் தூக்க முடியுமா? ஒங்கப்பா மோட்டரக் கழுவறப்பல்லாம் அதக் கழட்டி என் கையில குடுத்து, 'பாஞ்சாலை, பத்திரம், இதுதான் மோட்டருக்கு உயிரு'ம்பாரு. அந்த உயிரையாவது சாமி காலடியில வைக்கலாம்னு நெனச்சேன். சனிக்கெழம சாயங்காலம் மஞ்சத் துணியில முடிஞ்சி பூசாரிகிட்டக் குடுத்தேன். ஒரே ஒரு ராத்திரி. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் எடுத்து மாட்டிடலாம்னு. இவன் சனிக்கெழம ராத்திரிதானே ரேசுக்குப் போறவன்."

அன்று காலை என்னை அப்பா பக்கத்தில் விட்டு நீங்கள் பேக்டரிக்கு ஓடியபோது அம்மா மேலே கோயிலுக்கு ஓடியிருக்கிறார்; ஆள் தேடிப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கதவு பூட்டியிருந்தது. பூசாரி வீடு தோட்டத்தின் அடுத்த டிவிஷனில். அம்மா கம்பிக் கதவைப் பிடித்து இழுத்திருக்கிறார். அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள் அம்மாவின் கைக்காயத்தைப் பார்த்து, ஓடும்போது விழுந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள், நினைவிருக்கிறதா? அது விழுந்த காயம் இல்லை. பிறகு அந்த முடிச்சைப் பூசாரியிடம் வாங்கித் தேயிலைக்குள் வீசிவிட்டாராம்.

"மாமா கத்துறப்ப ஏம்மா பேசல?"

"வாயத் தொறந்தேன் தனு. அப்ப குகன் என்னப் பாத்தான். அந்தப் பார்வ... எல்லாம் தெரிஞ்சிக்கிட்டான்னு நெனச்சேன். அப்பறம் நாக்கு எழும்பல. சாயங்காலம் போயிட்டான். என்னா மொகத்த வச்சிக்கிட்டு அவனத் தேடறது?"

நான் சொன்னேன்: "அண்ணன் உங்களப் பாக்கலம்மா. பக்கத்துல நின்ன என்னப் பாத்தாரு. நாந்தான் கழட்டுனேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு."

அண்ணா, அம்மாவின் முகம் அப்போது மாறிய விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. "அப்ப எம்புள்ள என்ன வெறுக்கலியா?" என்று கேட்டார். ஒரு நிமிடம் அவர் முகம் சின்னப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. அடுத்த நிமிடமே என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதாத தனு. இத மட்டும் எழுதாத. நான் போன பொறவு எழுது."

மூன்று வாரம் யோசித்தேன். எழுதாவிட்டால் நான்தான் செய்தேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டே இருப்பீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் என்று ஒரு வாரம் நினைத்தேன். பிறகு, நீங்கள் எனக்காகப் பழியை ஏற்றது போதும், இனி நான் அம்மாவுக்காக ஏற்பதா, அதற்கு முடிவு எங்கே என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். சரியா தவறா தெரியவில்லை.

தனுஜா


மாசாய்
3.8.2025

தனு,

ஒடனே எழுத முடியல. மூணு தடவ எழுதிக் கிழிச்சிட்டேன்.

கோயில்ல வச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. எனக்காக வச்சது. நான் அன்னிக்குச் சிரிக்காம மோட்டர ஓட்டிக்கிட்டுப் போயி அஞ்சு நிமிசம் கோயில் முன்ன நிறுத்தியிருந்தா ஒன்னும் ஆயிருக்காது. அத நெனச்சிக்கிட்டுத்தான் படுக்கிறேன்.

ஆனா நீதான்னு நெனச்சப்ப என்னால தூக்க முடிஞ்சிச்சு. சின்னப்புள்ள, தெரியாம செஞ்சிச்சு, நாமதான் அண்ணன்னு ஒரு இது இருந்திச்சு. அம்மா சின்னப்புள்ள இல்ல. அம்பது பேரு முன்ன மாமா என்னக் கொலகாரன் மாதிரி பேசறாரு, அம்மா நிக்கறாங்க. மறுநா பேசியிருக்கலாம். மறு மாசம் பேசியிருக்கலாம். சலீம் அண்ணன் கடை தெரியாதா? நீ பதினாறு வயசுல வாங்குன அட்ரஸ அவங்களால வாங்க முடியாதா?

இத எப்பிடித் தூக்கறதுன்னு எனக்குத் தெரியல. திவசத்துக்கு வர முடியாது. வந்தா அம்மா முகத்தப் பாக்கணும். என் வாயில என்னா வரும்னு எனக்கே தெரியல. அப்பா படத்து முன்ன அப்பிடி வேணாம்.

அம்மாகிட்ட இந்த லெட்டரக் காட்டாத. தவுக்கே லீவு குடுக்கலன்னு சொல்லு.

ஸ்டார்ட் ஆனா ஒடனே முறுக்காத. சோக் போட்டு அஞ்சு நிமிசம் சும்மா ஓட விடு. மொதல்ல நீலப் பொக வரும், பயப்படாத, நீ ஊத்துன ஆயில்தான்.

குகன்


மாணவியர் விடுதி, தானா ராத்தா
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று சாயங்காலம்தான் வீட்டிலிருந்து வந்தேன். முதலில் என் பொய்யை எழுதிவிடுகிறேன். தவுக்கே லீவு கொடுக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "கேட்டுப் பாத்தானாமா?" என்றார். "கேட்டாராம்" என்றேன். இரண்டு பொய்.

நேற்றுப் பிற்பகல் புது பிளக்கை மாட்டினேன். பதினோராவது மிதியில் ஸ்டார்ட் ஆனது. நீங்கள் சொன்ன நீலப் புகை கோழிக்கூண்டையே மறைத்துவிட்டது. நான் குதிக்கவில்லை. குதிப்பேன் என்று ஐந்து மாதமாக நினைத்திருந்தேன்.

அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார். அப்பா வேலை முடிந்து வரும்போது அம்மா டிபன் டப்பாவை வாங்குவாரே, அந்த மாதிரி அவர் கை கொஞ்சம் முன்னால் வந்தது. பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆனதும் நான் நிறுத்தப் போனேன். "இருக்கட்டும், ஓடட்டும்" என்றார். ஊற்றியிருந்த பெட்ரோல் தீர்ந்து தானாகவே நிற்கும் வரை இருவரும் அங்கேயே நின்றோம். அது நின்ற பிறகு மேட்டு லயம் எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது.

இன்று காலை மாமா வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மோட்டரைப் பார்த்து, "அட, பொழச்சிக்கிச்சே!" என்றார். பூசாரி மகன் இடத்துக்கு மணை போட்டதும் வழக்கம்போல் மாமா அதில் உட்கார்ந்தார்.

"எந்திரி வீரப்பா" என்றார் அம்மா.

மாமாவுக்குப் புரியவில்லை. "என்னாக்கா, தோள்ல துண்டு போடலன்னா எந்திரிக்கச் சொல்ற?"

"எந்திரி. அன்னிக்கு பிளக்கக் கழட்டுனது எம்புள்ள இல்ல. நானு. சாமிகிட்ட வைக்கக் கழட்டுனேன். அவன் ஒன்னும் விக்கல. நீ அத்தன பேரு முன்ன பேசுன, நான் மரமாட்டம் நின்னேன்."

இருபது பேர் இருந்தார்கள். பூசாரி கையில் வைத்திருந்த சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார். மாமா, "இத இப்ப சொல்லி என்னாக்கா ஆவப்போவுது?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"ஒன்னும் ஆவாது. அவன் பேர்ல இருக்கறது போவட்டும்."

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். உள்ளே வரவே இல்லை. மணையில் யாரும் உட்காரவில்லை. அம்மாவே இலை போட்டுச் சோறு வைத்து, அப்பா படத்துக்குக் கற்பூரம் காட்டினார். பூசாரி தடுக்கவில்லை.

அண்ணா, உங்களை அழைத்துவர வேண்டும் என்றுதான் மோட்டரில் கை வைத்தேன். உண்மையை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உண்மை வந்தது. நீங்கள் வரவில்லை. நான் எழுதாமல் இருந்திருந்தால் இன்று அந்த மணையில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்களோ என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "லீவு குடுக்கலன்னு சொன்னியே, அது நெசமா தனு?"

நான் பையின் ஜிப்பைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா, "சரி" என்றார். பிறகு, "நல்லாச் சாப்புடறானான்னு மட்டும் கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

இன்னொன்று உண்டு. காலையில் படையலுக்குப் பூ வாங்கப் போகிறேன் என்று அம்மா இருட்டு விலகும் முன்பே காய்கறி லோரியில் கம்போங் ராஜாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பூ இல்லை. கடை திறக்கவில்லை என்றார். சாயங்காலம் பஸ் ஏற நின்றபோது சலீம் அண்ணன் கடையிலிருந்து வந்து என்னிடம் சொன்னார். ஜொகூரிலிருந்து வருகிறவர்கள் ஈப்போவில் மாறி ஏறி வரும் முதல் பஸ்ஸில் இறங்கிய ஒவ்வொருவரையும் அம்மா பார்த்துக்கொண்டு நின்றாராம். இரண்டாவது பஸ் வரும்வரை அங்கேயே நின்றாராம். அதிலும் எல்லாரும் இறங்கிய பிறகு, படியேறி உள்ளே எட்டிப் பார்த்தாராம். "தனுகிட்ட சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினாராம்.

வாருங்கள் என்று எழுத மாட்டேன் என்று நினைத்திருந்தேன். அது பொய்யாகிவிடும். வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, அம்மாவிடம் கத்தினாலும் பரவாயில்லை, அம்மா தாங்குவார். இப்போது

வார்டன் விளக்கை அணைத்துவிட்டார். இதை இருட்டில் எழுதுகிறேன், நாளை இப்படியே அனுப்புவேன்.